கூட்டுழைப்பும் கூட்டுடைமையும்: முன்னேஸ்வரக் கரையோரம் பற்றிய ஓர் ஆராய்வு

சிலாபம் நகருக்கு அணித்தாய், குளமும் தென்னஞ்சோலையும் சூழ அமைந்துள்ள முன்னேஸ்வரம், ஈழத்துச் சிவாலயங்களுள் தொன்மை மிக்கதொன்று என்பது யாவரும் அறிந்ததே. கோட்டை மன்னன் ஆறாம் பராக்கிரமபாகு இக்கோயிலுக்கு நிலம் அளித்தமையைக் கல்வெட்டுக் கூறுகின்றது. 1578இல் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட ஆலயம், கண்டி மன்னன் கீர்த்தி சிறி இராசசிங்கனால் 1753இல் மீண்டும் எடுப்பிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் சமய வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். ஆயின், இக்கோயிலைச் சூழ்ந்தும் இதன் மேற்கேயுள்ள கடற்கரையை அடுத்தும் வாழும் மக்கள் எத்தொழிலால் உண்கின்றனர், அத்தொழிலின் கருவி யாருடையது, அவர்கள் குடியிருக்கும் மண் யாருடையது என்னும் வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இவ்வினாக்களுக்கு விடை தரக்கூடிய வழிகளாகிய தொழிலாளர் கூட்டுறவையும் கூட்டுறவு வீடமைப்பையும் பற்றி ஈண்டு ஆராய்வாம்.

கூட்டுறவு நம் நாட்டுக்குப் புதியதன்று. முதியோர் அதனை ‘ஐக்கிய சங்கம்’ என்று வழங்கினர். 1911ஆம் ஆண்டின் சட்டம் கடனுதவிச் சங்கங்களுக்கு வழி வகுத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், பங்கீட்டு உணவுப் பொருள்களை மக்களுக்கு வழங்கும்பொருட்டு ஐக்கிய பண்டகசாலைகள் ஊர்தோறும் தோன்றின. 1957இல், அக்காலத்து விவசாய, உணவு அமைச்சர் பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. இவை செய்த நன்மை பெரிது. எனினும், இச்சங்கங்களுள் மிகப் பலவற்றின் வாயிலில் மனிதன் கடன் வாங்குபவனாகவோ அரிசி வாங்குபவனாகவோதான் வந்து நின்றான். தன் உழைப்பைத் தானே ஆளும் தொழிலாளியாக அவன் வந்து நின்ற சங்கங்கள் மிகக் குறைவு.

தொழிலாளர் கூட்டுறவின் இலக்கணம் எளியது. ஒரு தொழிலில் உழைப்பவர்களே அத்தொழிலின் உடைமையாளர். பங்குப் பணம் எத்துணையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. செலவு போக எஞ்சும் பணம் முதலுக்கேற்பப் பிரியாமல் உழைப்புக்கேற்பப் பிரியும். அதில் ஒரு பகுதி எவருக்கும் பங்கிடப்படாத சேமநிதியாக நிற்கும். கூட்டுறவு வீடமைப்பு இருவகைப்படும். சங்கம் நிலம் வாங்கி வீடு கட்டி, கடன் தீர்ந்தபின் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுப்பது ஒருவகை. நிலமும் வீடும் என்றும் சங்கத்தின் உடைமையாக நிற்க, உறுப்பினர் குடியிருக்கும் உரிமையை வழிவழியாகப் பெறுவது மற்றொரு வகை. இரண்டு துறைக்கும் அடிப்படை ஒன்றே: வாழ்வுக்கு இன்றியமையாத பொருளை, அதனைப் பயன்படுத்துவோரே சேர்ந்து உடைமையாகக் கொள்ளல்.

கூடி உழைக்கும் பழக்கத்தை இக்கரையோர மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சிலாபத்துக்கு வடக்கே உடப்பு முதலிய ஊர்களில் நடைபெற்றுவரும் கரைவலைத் தொழிலே இதற்குச் சான்று. வள்ளமொன்று வலையைக் கடலில் அரைவட்டமாக இட்டுக் கரை சேரும். இரு தலைப்புக் கயிறுகளையும் இரு அணியினர் பற்றி இழுப்பர். இழுப்பு ஒருசீராக நடைபெறும்பொருட்டு அவர்கள் பாடும் அம்பாப் பாடல்கள் நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் பலரின் கருத்தைக் கவர்ந்தவை. மடி கரையேறி மீன் விலைபோனபின், செலவு நீக்கி, வலைக்கும் வள்ளத்துக்கும் ஒரு பங்கும் இழுத்தவர்களுக்கு ஒரு பங்குமாகப் பணம் பிரியும். பிரிக்கும் விகிதம் ஊருக்கு ஊர் வேறுபடினும் முறை ஒன்றே. இங்கு நாட்கூலி என்பது இல்லை. மீன் பட்டால் யாவருக்கும் உண்டு. படாவிட்டால் யாவருக்கும் இல்லை. தொழிலாளர் கூட்டுறவு வேண்டும் பண்புகளுள் ஒன்றாகிய கூட்டுழைப்பு இங்கு முழுமையாகவே உள்ளது.

இல்லாதது கூட்டுடைமை. வலையும் வள்ளமும் பெரும்பாலும் சம்மாட்டியினுடையவை. அவரைக் கொடியவர் என்று கூறிவிடுதல் எளிது, அது முறையன்று. வலை கிழிந்தால் இழப்பு அவருடையது. தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிக்க, வலை கரையிலே கிடக்கும். அப்போது வீட்டில் அடுப்பெரிய முற்பணம் தருபவரும் அவரே. ஆயின், அம்முற்பணமே பிணையாகின்றது. கடன்பட்டவன் வேறு வலைக்குச் செல்ல இயலாது. மீனுக்கு வியாபாரி சொல்லும் விலையை மறுக்கவும் இயலாது. பங்கு என்னும் பெயர் இருப்பினும், கணக்கேடு ஒருவர் கையிலும் கயிறு மற்றவர் கையிலும் இருக்கும் நிலை இது. பங்கு பெறுதலுக்கும் பங்காளியாதலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. தென்னந்தோட்டத்திற் காய் பறிப்போர், தும்பு ஆலையில் உழைக்கும் பெண்கள் ஆகியோருக்கு இத்தகைய பங்குதானும் இல்லை, கூலியே உண்டு.

இக்குறையை நீக்க அரசாங்கம் முயலாமல் இல்லை. 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகுகள் கடனுக்கு வழங்கப்பட்டன; மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் அதற்கு ஒரு வாயிலாயின. மீன்பிடி பெருகியது. ஆயினும், பல இடங்களிற் கடன் திரும்பவில்லை. படகுகள் சிலர் கைக்குச் சென்றன. ஏனையோர் அவற்றிற் பங்காட்களாயினர். சேமித்துப் பழகிப் பின் கடன் பெறுவதற்கு மாறாக, கடன் பெறுவதற்காகவே சங்கம் அமைத்தமை இதற்கொரு காரணம் எனலாம். 1971இல் நாடெங்குமுள்ள ஆயிரக்கணக்கான சிறு கூட்டுறவுச் சங்கங்கள் சில நூறு பெருஞ்சங்கங்களாக இணைக்கப்பட்டன. நிருவாகம் எளிதாயிற்று, ஆனால், சங்கம் தம்முடையது என்னும் உணர்வு உறுப்பினரிடம் மேலும் தேய்ந்தது.

அவ்விணைப்புக்குச் சற்று முன்னர், இலங்கைக் கூட்டுறவு இயக்கத்தை ஆராய அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு 1970இல் தன் அறிக்கையை வெளியிட்டது. அதன் தலைவர் கனடா நாட்டவராகிய ஏ. எஃப். லெயிட்லோ. அவர் எங்கிருந்து வந்தார் என்பது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டப்படுவது. கனடாவின் கீழைக் கரையிலுள்ள நோவா ஸ்கோசியாவில், அன்ரிகொனிஷ் என்னும் சிற்றூரில் உள்ள பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928இல் ஒரு விரிவாக்கப் பகுதியைத் தொடங்கியது. மோசஸ் கோடி என்னும் பாதிரியார் அதன் தலைவர். பிற்காலத்தில் லெயிட்லோ அங்கே பணியாற்றினார். அக்கரையோர மீனவரும் நம்மவரைப் போலவே வியாபாரிக்குக் கடன்பட்டு, அவன் குறித்த விலைக்கு மீன் விற்றவர்கள். பல்கலைக்கழகத்தார் அவர்களிடம் பணத்தைக் கொண்டு செல்லவில்லை. பத்துப் பதினைந்து பேர் இரவில் ஒரு வீட்டிற் கூடிப் படிக்கும் படிப்பு வட்டங்களை அமைத்தனர். மீன் விலை எங்கே எவ்வாறு ஏறுகின்றது என்பதே பாடம். படித்தவர்கள் முதலிற் சேமித்தனர். பின்னர் சிங்க இறாலைத் தகரத்தில் அடைக்கும் தொழிற்கூடங்களைத் தாமே நிறுவினர்.

அதே இயக்கத்தின் வழியே வீடுகளும் எழுந்தன. ரிசேர்வ் மைன்ஸ் என்னுமிடத்துச் சுரங்கத் தொழிலாளர், சுரங்க நிறுவனத்தின் பாழடைந்த வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்கள். அவர்களுட் சிலர் படிப்பு வட்டமாகக் கூடி, நிலத்தின் விலை, மரத்தின் அளவு, கடனின் வட்டி ஆகியவற்றைக் கற்றனர். பின்னர் மாகாண அரசின் கடனைப் பெற்று, சுரங்க வேலை முடிந்த நேரங்களில் ஒருவர் வீட்டை மற்றவர் உதவியுடன் கட்டினர். 1938இல் பதினொரு வீடுகள் நிறைவெய்தின. தம்மை ஊக்கிய ஜிம்மி ரொம்கின்ஸ் அடிகளாரின் பெயரால் அவ்விடத்தை ரொம்கின்ஸ்வில் என்று அழைத்தனர். பிற்காலத்தில் லெயிட்லோ, 1980இல் மொஸ்கோவிற் கூடிய அனைத்துலகக் கூட்டுறவு மாநாட்டுக்கு எழுதிய அறிக்கையில், கூட்டுறவாளர் முதன்மை தரவேண்டிய துறைகளுள் உழைப்பாளர் கூட்டுறவையும் கூட்டுறவுச் சமுதாயங்களை அமைப்பதையும் வைத்தார்.

கனடா தொலைவில் உள்ளது, அதன் நிலைமை வேறு என்று கூறுவோர், நம் கடலின் மறுகரையை நோக்கலாம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்னும் மீனவர் குடியிருப்பு 1960களில் உருவாகியது. புதிய மண்ணில் வீடமைத்துக் குடியேறிய மக்கள், சில ஆண்டுகளுக்குள் தம் மீனைத் தாமே ஏலமிடும் சங்கத்தையும் அமைத்துக்கொண்டனர். ஏலம் கூறும் உரிமை வியாபாரியிடமிருந்து சங்கத்துக்கு மாறியதே அங்கு நிகழ்ந்த பெரு மாற்றம். இத்தகைய ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை நிறுவின. கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் மீனவரும் அதிற் பங்கு கொண்டனர். கடலில் இறங்கி உழைப்பவரே உறுப்பினராகலாம் என்பது அதன் அடிப்படை விதி. கடனைத் திருப்பும் முறையும் கருதத்தக்கது. மாதந்தோறும் இவ்வளவு என்று தவணை குறிக்காமல், ஒவ்வொரு நாளும் விற்ற மீனின் பணத்தில் ஒரு விழுக்காடு கடனுக்கும், ஒரு விழுக்காடு சேமிப்புக்கும் கழிக்கப்படும். மீன் மிகுந்த நாளிற் கடன் விரைந்து குறையும். வறண்ட நாளில் மீனவன் தவணை தவறியவன் ஆவதில்லை. கடலின் இயல்பை அறிந்த கணக்கு இது.

‘உழைப்பவரே உறுப்பினர்’ என்னும் விதியின் அருமையை இரு வரலாறுகள் விளக்கும். இங்கிலாந்தில் 1844இல் கடை திறந்த றொச்டேல் முன்னோடிகளின் நோக்கங்களுள், உறுப்பினருக்கு வீடு கட்டுவதும், வேலையற்ற உறுப்பினருக்குத் தொழில் அமைப்பதும் அடங்கும். அந்நோக்கப்படி 1854இல் அவர்கள் ஒரு பருத்தி ஆலைச் சங்கத்தை நிறுவி, இலாபத்தில் ஒரு பங்கைத் தொழிலாளருக்கு அளித்தனர். ஆலை வளர்ந்தது, ஆலையில் உழைக்காத பலர் இலாபம் கருதிப் பங்கு வாங்கினர், 1862இல் அவர்களது வாக்கே மிகுந்து, தொழிலாளர் பங்கு நீக்கப்பட்டது. இதற்கு மாறாக, 1925இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில், வடகரைக்கு அருகேயுள்ள ஊராளுங்கலில் ஒரு கூலித் தொழிலாளர் சங்கம் தோன்றியது. சாதி வேற்றுமையை எதிர்த்த வாக்படானந்தரைப் பின்பற்றியமைக்காக வேலை மறுக்கப்பட்டவர்கள், தாமே கூடி ஒப்பந்த வேலைகளை ஏற்றனர். அச்சங்கம் இன்று பாலங்களும் நெடுஞ்சாலைகளும் அமைக்கும் பெரு நிறுவனமாய் விளங்குகின்றது. ஆயிரக்கணக்கானோர் அதில் உழைக்கின்றனர். அதன் இயக்குநரும் தொழிலாளராய் இருந்து வந்தவர்களே. ஒன்றில் உடைமை உழைப்பைவிட்டுப் பிரிந்தது, மற்றொன்றில் பிரியவில்லை.

உடைமையைப் பிரியாமற் காக்கும் எண்ணம் நம் மரபுக்கும் அயலானதன்று. கோயிலுக்கு விடப்பட்ட நிலம் ஒருவருடைய நிலமன்று. அதனை விற்றல் கூடாது, பிள்ளைகளுக்குப் பங்கிடல் கூடாது. அதன் விளைவு பொதுப் பணிக்கே உரியது. முன்னேஸ்வரத்தைச் சூழ்ந்த கிராமங்கள் பல தலைமுறையாக அறிந்த முறை இது. கூட்டுறவின் பகிரப்படாச் சேமநிதியும் இத்தகையதே. வேறுபாடும் உண்டு, அதனை மறைத்தலாகாது. கோயில் நிலத்தை அனுபவித்தவன் பிறப்பால் விதிக்கப்பட்ட தொழும்பைச் செய்தான். கூட்டுறவில் உறுப்பினன் விரும்பிச் சேர்ந்து, வாக்கால் ஆள்கின்றான். பழைய முறையின் அறத்தைக் கொண்டு அதன் கட்டை விடுதல் நம் கடன்.

சிலாபக் களப்பின் அயலிலேயே அண்மைக்காலச் சான்றொன்றும் உண்டு. 1980களிற் பெருகிய இறால் பண்ணைகளை 1996இல் வெண்புள்ளி நோய் தாக்கியது. ஒல்லாந்தர் கால்வாயும் களப்பும் யாவருக்கும் ஒரே நீர்நிலை. ஒரு பண்ணையின் கழிவுநீர் அயற்பண்ணைக்கு நோயைக் கொண்டுசென்றது. தனித்தனியே முயன்று பயன் காணாத சிறு பண்ணையாளர், அம்பகந்தவில முதலிய ஊர்களிற் சங்கங்களாகக் கூடினர். எப்பகுதி எம்மாதத்தில் நீர் ஏற்றிக் குஞ்சு விடுவது என்னும் பயிர் நாட்காட்டியை, 2004 முதல், நீருயிரின வளர்ப்புக்குப் பொறுப்பான அரச அதிகார சபையுடன் சேர்ந்து வகுத்து வந்தனர். இறால் பண்ணையால் கண்டல் காடுகள் அழிந்தமை வேறு கதை. அதனை இங்கு நியாயப்படுத்தவில்லை. ஆயினும், நீர் பொதுவானால் விதியும் பொதுவாதல் வேண்டும் என்பதை இக்கரையோரச் சிற்றுடைமையாளரே கண்டு நடத்தினர் என்பது மறுக்கவியலாதது.

இனி, வீட்டைப் பற்றிக் கருதுவாம். கடற்கரை மணலிற் கிடுகு வேய்ந்த வீட்டில் வாழ்பவனுக்கு இரு தடைகள் உள. நிலத்துக்கு உறுதி இல்லாவிடின் வங்கி கடன் தராது. மாதச் சம்பளம் இல்லாமையால், உறுதி இருப்பினும் தயங்கும். மேலும், 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, கடலிலிருந்து 300 மீற்றர் வரையுள்ள வலயத்தில் கட்டுவதற்கு அனுமதி வேண்டும். இவற்றையெல்லாம் தனியொருவன் அலுவலகம் தோறும் அலைந்து பெறுதல் அரிது; பதிவு பெற்ற சங்கம் கேட்பின் செவிசாய்ப்போர் உண்டு.

நம் நாட்டில் இதற்கான அனுபவம் இல்லாமற் போகவில்லை. 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், அரசாங்கம் தானே வீடு கட்டித் தருவதைக் குறைத்து, சிறு கடன் அளித்து மக்களே கட்டுமாறு செய்தது. 1978 முதல் பி. ஏ. கிரிவந்தெனியவால் புத்துயிர் பெற்ற சிக்கன, கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமங்களில் அக்கடன்களை வழங்கும் பணியில் ஈடுபட்டன. 1989 அளவிற் கொழும்பின் ஏழைக் குடியிருப்புகளில் தோன்றிய மகளிர் வங்கி, அயலவராகிய பெண்கள் சிறு குழுக்களாகக் கூடி வாரந்தோறும் சில ரூபா சேமிப்பதிலிருந்து வளர்ந்தது. அதிலிருந்து வீடு திருத்தவும் கட்டவும் கடன் பெற்றனர். நிலப் பத்திரம் செய்ய இயலாத பிணையை அயலவரின் அறிமுகம் செய்தது. மலையகத்தில் 1990களில் தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. பயன் விளைந்தது, ஆயினும், தோட்ட நிருவாகத்தின் கை அவற்றில் ஓங்கியிருந்தமையாலும், வீடு எழுந்த மண்ணின் உரிமை தொழிலாளரைச் சேராமையாலும் அவை முழுக் கூட்டுறவாக மலரவில்லை. மண்ணைப் பற்றிய வினாவைத் தீர்க்காமற் கட்டும் வீடு அரைவீடே. உருகுவே நாட்டில் 1968ஆம் ஆண்டின் சட்டத்துக்குப்பின் வளர்ந்த வீடமைப்புச் சங்கங்கள் இவ்வினாவை நேராக எதிர்கொண்டன: நிலமும் வீடும் சங்கத்துக்கே உரியவை, ஒவ்வொரு குடும்பமும் வாரத்திற் குறித்த மணிநேரம் கட்டட வேலை செய்து குடியுரிமை பெறும், வீடு வியாபாரப் பொருளாவதில்லை. உல்லாசப் பயணத் தொழிலுக்காகக் கடற்கரை மண் விலையேறும் நம் காலத்தில், மீனவன் பணமுடை வந்த நாளில் தன் நிலத்தை விற்றுவிட்டுக் கரையைவிட்டே நீங்காமற் காப்பதற்கு இம்முறை ஏற்றது.

தொழிற் சங்கமும் வீட்டுச் சங்கமும் ஒன்றையொன்று தாங்குவன என்பதே இவ்வாராய்ச்சியின் முடிபு. மாதத் தவணை கட்ட இயலாத மீனவனுக்கு வீட்டுக்கடன் எட்டாப் பொருள். ஆனால், அவன் மீனை அவனது சங்கமே ஏலமிடுமாயின், அதே ஏட்டில் ஒரு விழுக்காட்டை வீட்டுக்கெனக் கழிக்கலாம். வலைக்குப் பணம் திரட்டிய பழக்கம் வீட்டுக்கும் உதவும். வீட்டின் நிலைபேறு, பருவம் தவறிய மாதங்களில் மீண்டும் முற்பணக் கடனில் விழாமற் காக்கும்.

கூட்டுறவு எங்களூரில் நிலைக்காது, ஒற்றுமை இல்லை என்று கூறுவோர் பலர். சிலாபப் பகுதியில் தமிழரும் சிங்களவரும், சைவரும் பௌத்தரும் கத்தோலிக்கரும் இசுலாமியரும் வாழ்கின்றனர். முன்னேஸ்வரத் திருவிழாவில் சிங்கள மக்களும் திரளாக வந்து வழிபடுதலைக் காண்கின்றோம். இனமும் சமயமும் வினவாமல் உறுப்பினரைச் சேர்த்தல் கூட்டுறவின் முதற் கொள்கைகளுள் ஒன்று. ஒரே கடலில் வலையிடுவோருக்கு ஒரே ஏலக் கணக்கு அமைவது, மேடையில் ஒற்றுமை பேசுவதினும் வலிமையுடையது. ஒற்றுமை குலைவது பெரும்பாலும் கணக்குத் தெளிவின்மையால் ஆகும். கணக்கேட்டை ஒருவர் மட்டுமே படிக்கவல்ல ஊரில் ஐயம் பிறக்கும். ஐயம் பிறந்த இடத்திற் சங்கம் கலையும்.

இங்கேதான் கல்வி நிலையங்களின் பொறுப்புத் தோன்றுகின்றது. அன்ரிகொனிஷ் இயக்கத்தைத் தொடங்கியது ஒரு கல்வி நிலையமே. ஸ்பானிய நாட்டின் மொந்திராகோன் நகரில், அரிஸ்மெந்தியரியெத்தா அடிகளார் 1943இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1956இல், அப்பள்ளியின் பழைய மாணவர் ஐவரே அங்கு முதல் தொழிலாளர் கூட்டுறவை நிறுவினர். வணிகக் கல்வி பயிலும் நம் மாணவர் இரட்டைப் பதிவு முறையைத் தேர்வுக்காகக் கற்கின்றனர். அதே முறையில் ஒரு வலையின் ஒரு பருவக் கணக்கை எழுதி, இழுத்தவர்கள் முன் உரக்கப் படித்துக் காட்டினால், தம் பங்கு எவ்வளவு, வலையின் பங்கு எவ்வளவு, எத்தனை பருவச் சேமிப்பில் தாமே ஒரு வலை வாங்கலாம் என்பதை அவர்கள் காண்பர். சட்டம் கற்ற பழைய மாணவர் சங்க விதிகளை எளிய தமிழில் எழுதிக் கொடுக்கலாம். அளவையியல் அறிந்தோர் குடியிருப்பு நிலத்தின் வரைபடத்தைத் தயாரிக்கலாம். ஆசிரியர் படிப்பு வட்டமொன்றுக்கு மாதம் இருமுறை வழிகாட்டலாம். இவற்றுக்குப் பெருமுதல் வேண்டியதில்லை. கயிற்றைப் பற்றியுள்ள கை கணக்கேட்டையும் பற்றுமாறு செய்தலே முதற்படி. வலையும் வீடும் அதன்பின் வரும்.